இடது பக்கம் போன ஹோஸ்

என் வீட்டுக்காரர் எனக்காகச் செய்த பெரிய காரியம் எது என்று யாராவது கேட்டால், வாங்கித் தந்த புடவையையும் நகையையும் சொல்ல மாட்டேன். கட்டைவிரல் பருமனில் கறுப்பாக இருந்த ஒரு ரப்பர் ஹோஸைத்தான் சொல்வேன். வலது பக்கம் போயிருக்க வேண்டிய ஹோஸ் அது. எனக்காக இடது பக்கம் போனது. அதனால் நாங்கள் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் எங்கள் வீடு. இவர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டை, ஆசிரமத்துக்கு வந்து தங்கிய ஒரு வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். தன் ஊரிலிருந்து தரைவழியாகவே ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர். எழுபதுகளில் அப்படி வருகிறவர்கள் உண்டு. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. மழை வந்தால் ஒரு கேன்வாஸை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம். அந்த மாதிரி வண்டியை அவர்கள் நாட்டில் ஒரு காலத்தில் பந்தயத்தில் எல்லாம் ஓட்டுவார்களாம். உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் அதற்குத் தொட்டி வண்டி என்று பேர்.

ஊருக்குத் திரும்பும்போது அவர் அந்த வண்டியை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். கஸ்டம்ஸ், அது இது என்று ஒரு வருஷம் அலைந்து இவர் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். மாற்றியதும் தார்ப்பாயைப் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமையானால் தார்ப்பாயை விலக்கித் துடைப்பார், மறுபடி மூடுவார்.

"என்னிக்காவது ஓட்டுவீங்களா, இல்ல தொடச்சிக்கினே இருப்பீங்களா?" என்று கேட்பேன். அவர் பாட்டுக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்.

நான் இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து பௌர்ணமிக்கு மலை சுற்றாமல் இருந்ததில்லை. மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், அக்கம்பக்கத்துப் பெண்களோடு பேசிக்கொண்டே நடப்போம். அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் சாமியைப் பற்றி இருக்காது. இவர் ஒரு தடவைகூட வந்தவர் இல்லை. "மலதான் மாடியிலருந்தே தெரியுதே, அதப் போயி எதுக்குச் சுத்தணும்?" என்பார். அவரை மாற்ற முடியாது என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் கொல்லையில் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தேன். முதுகெலும்பில் அடி. வேலூருக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வலது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பேன், அவ்வளவுதான். ஒருமுறை அடுப்பிலிருந்து இறக்கிய குண்டான் அந்தக் காலில் பட்டுக் கொப்புளித்துப் போனது. சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்து இவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். களிம்பு எடுத்துவந்து தடவினார். அந்தக் காலுக்குச் சுடுமா, குத்துமா என்று யோசிக்கிற வேலையை அன்றிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீடு மலை சுற்றுகிற வழியிலேயே இருந்தது. பௌர்ணமி தோறும் என் கூட்டாளிகள் வாசலில் நின்று, "அக்கா, போயிட்டு வரோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சிரித்துக்கொண்டு அனுப்பிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை டங்கென்று வைப்பேன். சுற்றினவர்களுக்குத் தெரியும், அந்த மலை இடத்துக்கு இடம் வேறு மாதிரி. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி. அடி அண்ணாமலைப் பக்கம் போய்விட்டால் தோளை விரித்து அகலமாக உட்கார்ந்திருக்கும். நான் நாலு வருஷமாக ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தின் மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

ஒரு பௌர்ணமியன்று சோறு போட்டுக்கொண்டே இவரிடம் கேட்டேன். "மலைக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இன்னும் இருக்குதாங்க?" விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்தும் இவர் தார்ப்பாயை எடுத்தார்.

"தொட்டி வண்டியில கூட்டிட்டுப் போறேன்," என்றார். "டாக்ஸின்னா கூரை மறைக்கும். இதுல கூரை இல்ல. ஸ்டியரிங் எடது பக்கம், அதனால நீ உக்கார்றது வலது பக்கம். மல முழுக்க உன் பக்கம்தான்."

இதை எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தாரோ தெரியாது. நான் உடனே சரி என்று சொல்லிவிடுகிற ஜாதி இல்லை. இரண்டு நிபந்தனை போட்டேன்.

"நடந்து போறவங்க பின்னாடி ஹாரன் அடிக்கக் கூடாது. அடிச்சா அங்கயே எறங்கிடுவேன். இன்னொண்ணு, சுத்த ஆரம்பிச்சா நடுவுல திரும்பக் கூடாது. முழுசா சுத்தி வாசலுக்கு வந்து சேரணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

பாதியில் திரும்புவதை எங்கள் வீட்டில் ஆகாத காரியமாக நினைப்பார்கள். கால் போனதே போதும் என்று இருந்தது எனக்கு. ஆசை காட்டிப் பாதியில் திருப்பிக் கூட்டிவந்தால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

அப்போது பௌர்ணமிக்கு இன்றைக்கு இருக்கிற கூட்டம் கிடையாது. ஆனாலும் ரோட்டை அடைத்துக்கொண்டுதான் நடப்பார்கள். ஹாரன் அடிக்காமல் அவர்கள் பின்னால் போவதென்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். பந்தயத்தில் பறந்த வண்டிக்கு ஊர்வது ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு இவர் தனியாகப் போய்ப் பார்த்தார். இன்ஜினுக்குள் ஓடுகிற ஆயில் சூடேறினால் தண்ணியாகிவிடும், அழுத்தம் குறையும், குறைந்தால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி இன்ஜினே போய்விடும். அந்த அழுத்தத்தைக் காட்ட டாஷ்போர்டு நடுவில் ஒரு மீட்டர் இருந்தது. முள் நிமிர்ந்து நிற்க வேண்டும். அன்றைக்குப் பாதி வழியிலேயே படுத்துவிட்டதாம். புளியமரத்தடியில் ஆறப்போட்டு, ஆறப்போட்டு ஓட்டி வந்து சேர்ந்தார்.

"இப்பிடியே உன்னக் கூட்டிட்டுப் போவ முடியாது," என்றார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரி ரேடியேட்டர் ஒட்டுகிற ஒரு பாய் இருந்தார். இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வண்டியைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு ரேடியேட்டர் இருக்குதில்ல, அதே மாதிரி ஆயிலுக்கும் சின்னதா ஒண்ணு வெச்சிடலாம்," என்றார். செம்புக் குழாயை வளைத்து, தகடு கோத்து, ஈயம் பற்ற வைத்து ஒரு கூலர் செய்தார். அதை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினார்கள். ஃபேன் இழுக்கிற காற்று அதன் வழியாகவே போவதால், வண்டி ஊர்ந்தாலும் ஆயில் ஆறும்.

கூலர் மாட்டுவது சுலபமாக முடிந்தது. சூடான ஆயில் அதற்குப் போக ஒரு ஹோஸ், ஆறிய ஆயில் திரும்பி வர ஒரு ஹோஸ் வேண்டும். அந்த இரண்டையும் எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதில்தான் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இன்ஜினின் பின்கோடியிலிருந்து, அதாவது உள்ளே உட்கார்ந்திருப்பவர் பாதத்துக்குப் பக்கத்திலிருந்து, வண்டியின் மூக்கு வரை வர வேண்டும். விரல் நுழைய இடமில்லாத வண்டி அது; இன்ஜினுக்கும் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு தகரம்தான். ஷெட்டில் அவர்கள் பேசுவது சமையலறைக்குக் கேட்கும்.

"வலது பக்கம் எடம் ஜாஸ்தியா இருக்குதுப்பா. நேரா கொண்ட்டுப் போயிடலாம்," என்றார் பாய்.

"வேணாம் பாய். அந்தத் தகரத்துக்கு அந்தாண்ட அவ கால் இருக்கும்."

"அதான் தகரம் குறுக்க இருக்குதே."

"தகரம் சூடாவும். சுட்டா அவளுக்குத் தெரியாது பாய்."

பாய் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப உன் பக்கமாவே எடுத்துக்கலாம்," என்றார். "எடம் கம்மி. வளைச்சி வளைச்சிதான் போவணும்."

"வளைச்சிக்கலாம்," என்றார் இவர்.

அன்றைக்கு ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இடது பக்கம் ஸ்டியரிங் கம்பி, பிரேக் குழாய், பெடல் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு மேலும் கீழுமாக நுழைத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் உள்பக்கமாக எடுத்து, ஒருவழியாக மூக்கு வரை கொண்டுவந்தார்கள். தகரத்தில் ஓட்டை போட்ட இடத்தில் ஹோஸ் அறுபடாமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினார்கள். நான் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். டைப் அடித்துப் பழகின விரல்கள் ஆயிலில் கறுத்துப்போய் ஒரு கிளிப்பை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டும். என்னிடம் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன். அதற்காக எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். அந்த மாதத்தில் மட்டும் போடவில்லை.

பிறகு ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேறெங்கே ஓட்டுவார்கள், மலையைச் சுற்றித்தான். விடியற்காலையில் கிளம்பி, ஊர்ந்து ஊர்ந்து ஒரு சுற்று. வெயில் கண்ணில் அடிக்கிறது, ஒரு தடவை எதிர்ப் பக்கமாகப் போய்ப் பார்க்கலாமா என்று இவர் கேட்டதற்குப் பாய் ஒப்புக்கொள்ளவில்லை.

"மலைய எடது கைப்பக்கம் வெச்சிக்கினா? வேணாம்பா. நமக்கெதுக்கு வம்பு," என்றாராம். ஐந்து வேளை தொழுகிறவர். இந்த ஊரில் பிறந்துவிட்டால் அப்படித்தான்.

எத்தனை சுற்று போனாலும் ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. முள் நிமிர்ந்தே நின்றது. வலம் வருவதென்றால் வலது பக்கமாகவே திரும்பிக்கொண்டு போவது. எங்கள் வாசலில் கிளம்பி எங்கள் வாசலுக்கே வந்து சேர்கிற வரைக்கும், ஸ்டியரிங்கை நன்றாக ஒடிக்கிற திருப்பம் ஒன்றுகூட இடது பக்கம் கிடையாது. இது எங்கள் மூன்று பேரில் ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

மாசி மாதத்துப் பௌர்ணமி. வெயில் தணிகிற நேரத்தில் என்னைத் தூக்கி வண்டியில் வைத்தார். மடித்த சாக்கின் மேல் என் வலது பாதத்தை எடுத்து வைத்து, பக்கத்துத் தகரத்தை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வாசலில் கற்பூரம் ஏற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பினோம். பாய் சைக்கிள் கேரியரில் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

செங்கம் ரோட்டை விட்டு வலப்புறம் திரும்பியதும் மலை என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. தெரிந்த பெண்கள் வண்டியோடு ஒட்டி நடந்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். வழி நெடுக நான் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன், இவர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடி அண்ணாமலை வரும்போது மலை மெல்லத் திரும்பி, தோளை விரித்தது. அப்படியேதான் இருந்தது. நான் வராததால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

அங்கேதான், வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அச்சு முறிந்து ரோட்டில் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஆட்கள் கையைக் காட்டினார்கள்.

"லெப்ட்ல ஒடிங்க சார். இன்னும் ஒடிங்க. நல்லா ஒடிங்க."

இவர் ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தார். கீழே கரகரவென்று ஒரு சத்தம். கல் என்று நினைத்தோம். மாட்டு வண்டியைச் சுற்றி ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். ஆயில் கருகுகிற வாடை வந்தது. இவர் கண் ரோட்டில் இருந்தது. நான்தான் பார்த்தேன்.

"ஏங்க, முள்ளு படுக்குது."

சட்டென்று இன்ஜினை அணைத்தார். பாய் வந்து சேர்ந்தார். ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன் என்றார். இரண்டு பேரும் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பிக் குனிந்து பார்த்தார்கள். டயர் நேராகப் போய் ஹோஸில் இடித்தது. ஹோஸ் வாய் பிளந்திருந்தது.

"எடது பக்கம் ஒடிச்சே பாக்கலியேப்பா," என்றார் பாய், தன் தலையில் கை வைத்துக்கொண்டு.

இவர் ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முழங்கை வரை ஆயில். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நாலு வருஷம் காத்திருந்து பாதியில் நிற்கவா வந்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு கேட்க முடியவில்லை. என் கால் சுடக்கூடாது என்றுதானே அந்த ஹோஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேன் ஏதாவது நிறுத்தறேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "மிச்சத்த அதுல சுத்திட்டுப் போயிடு. நான் வண்டியோட இருக்கேன்."

"வேன்ல கூரை இருக்கும்," என்றேன். "அப்பிடியே கூரை இல்லன்னாலும் நீங்க இல்லாம நான் வர மாட்டேன்."

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டம்மா நின்று, என்ன ஏது என்று விசாரித்தார். ஆயில் போய்விட்டது, இன்ஜினை ஓட்டக்கூடாது என்று பாய் சொன்னார்.

"வண்டிக்குத்தான ஆயில் இல்ல? ஆளுங்களுக்கு என்னா?" என்றவர், மகன்களைப் பார்த்து, "தள்ளுங்கடா, அந்தம்மா சுத்திட்டுப் போவட்டும்," என்றார்.

"இன்னும் பாதி மலை இருக்குதுங்களே," என்றார் இவர்.

"இருந்தா இன்னா, நாங்க எப்பிடியும் நடக்கத்தான போறோம்."

இவர் எழுந்தார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் செருப்பைக் கழற்றித் தன் சீட்டின் கீழே போட்டார். இடது பக்கக் கதவுக்கு வெளியே நின்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பாய் சைக்கிளை டீக்கடையில் விட்டுவிட்டு, அந்தப் பையன்களோடு பின்னால் போய்க் கை கொடுத்தார்.

"சரிவு வந்தா சொல்றேன், இழு," என்று இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை எனக்குக் காட்டினார் இவர். "இது உன் பொறுப்பு."

பிரேக்கை எடுத்துவிட்டேன். வண்டி நகர்ந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. வெறும் பாதங்கள் ரோட்டில் படுகிற சத்தம் கேட்டது. அதை மறந்தே போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழ்பென்னாத்தூர் அம்மா என் பக்கம் வந்து கதவின் மேல் கை வைத்துக்கொண்டு நடந்தார். எந்த ஊர், பிறந்த வீடு எது, கால் எப்படிப் போனது, இந்த வருஷம் கடலை என்ன விலை, மருமகள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று பேச்சு போனது. பாதிக்கு மேல் சாமியைப் பற்றி இல்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நடந்துகொண்டிருந்தேன்.

மலைக்கு மேலே நிலா ஏறியது. இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பின்பக்கம் இப்பிடியா இருக்கும்?" என்றார். "இத்தன தடவ வந்தேனே, நான் பாக்கலியே."

"முள்ளையே பாத்துக்கினு வந்தா எப்பிடித் தெரியும்?" என்றேன்.

அவர் சிரித்தார். எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவர் பாதம் இரண்டும் கொப்புளித்திருந்தது. பழக்கம் இல்லாத கால். திட்டிக்கொண்டே களிம்பு தடவிவிட்டேன். என் காலுக்கு அவர் தடவிய அதே களிம்புதான்.

மறு வாரம் ஹோஸ் வலது பக்கம் போனது. தகரத்துக்கு உள்பக்கம் கெட்டியாக ஒரு தடுப்பு வைத்தார்கள். பாயை ஓட்டச் சொல்லிவிட்டு, என் சீட்டில் இவர் வெறுங்காலோடு உட்கார்ந்து ஒரு சுற்று முழுக்கப் போய், சுடவில்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டார். ஊருக்கு வெளியே ஒரு களத்துமேட்டில் இடது பக்கமாகவே வட்டம் போட்டும் பார்த்தார்கள். பாய் மலையைத் திரும்பிப் பார்த்து, "இது சும்மா டெஸ்ட்டுக்கு," என்று சொல்லிக்கொண்டாராம்.

அடுத்த பௌர்ணமிக்கும் கிளம்பினோம். வண்டி முணுமுணுக்காமல் ஊர்ந்தது. அடி அண்ணாமலை வந்தது. மாட்டு வண்டி இல்லை, ரோடு காலியாகத்தான் இருந்தது. இவர் ஓரமாக ஒதுக்கினார்.

"பிரஷர் கம்மியாவுது," என்றார். "ஆயில் சூடாயிடுச்சி போலிருக்கு."

அவர் இன்ஜினை அணைப்பதற்கு முன்பே நான் மீட்டரைப் பார்த்துவிட்டேன். முள் நட்டு வைத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. இவர் என்னைப் பார்க்காமல் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னால் பாய் சைக்கிளை டீக்கடைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, நானும் பாத்தேன். ரொம்பக் கம்மியாதான் இருந்துது," என்று சொல்லிவிட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டேன்.